ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு: எந்த வேரியண்ட் கட்டுப்படியாகும்?

எந்தக் கார் என்று முடிவெடுக்க மாதக்கணக்கில் வீடியோ பார்க்கிறோம், நண்பர்களைப் பிடித்து நச்சரிக்கிறோம். அந்தக் காரில் எந்த வேரியண்ட், அதாவது எந்த விலைப் படி என்பதை மட்டும் ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். "அண்ணாச்சி, இன்னும் ஒரு லட்சம்தான். டாப் எண்டே எடுத்துருங்க. இஎம்ஐல ஆயிரத்து அறுநூறுதான் கூடும்" என்பார் விற்பனைத் தம்பி. அவர் சொல்வது பொய்யில்லை. 9 சதவீத வட்டியில் 7 வருடக் கடன் என்றால், லட்சத்துக்கு மாதம் சுமார் 1,609 ரூபாய்தான். ஆனால் 84 தவணையும் கட்டி முடிக்கும்போது அந்த ஒரு லட்சம் 1,35,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு லட்சத்துக்கு உரிய சாலை வரியும் இன்சூரன்ஸும் இதில் சேரவில்லை.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் முதல் தடவையாக வேகமான கார் ஒன்று வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நம் ஊரில் அந்த ஆசையோடு வருகிறவர் கடைசியில் வாங்குவது ஹூண்டாய் ஐ20 என் லைன், ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, ஹூண்டாய் கிரெட்டா என் லைன் மாதிரியான கார்களைத்தான். கையில் காசு தாராளமாக இருப்பவர் பிஎம்டபிள்யூ எம்340ஐ வரை போவார். எதுவாக இருந்தாலும் வேரியண்ட் பார்க்கும் முறை ஒன்றுதான்.

பேட்ஜை நம்பாதீர்கள்

முதலில் காரின் முதுகில் இருக்கும் எழுத்துகளைச் சரியாகப் படிக்கப் பழக வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டவரெல்லாம் வக்கீல் இல்லை, டிக்கெட் பரிசோதகராகவும் இருக்கலாம். காரிலும் அப்படித்தான்.

2024 அக்டோபரில் விர்டஸில் ஜிடி லைன், ஜிடி பிளஸ் ஸ்போர்ட் என்று இரண்டு வந்தன. பெயரில் இரண்டுமே ஜிடிதான், கறுப்பு ஒப்பனையும் ஏறக்குறைய ஒன்றுபோல. ஆனால் ஜிடி லைனுக்குள் இருப்பது 1.0 லிட்டர் டர்போ, 115 பிஎஸ் (குதிரைத்திறன்), 178 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் பலம்). ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டில் 1.5 லிட்டர், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். நான்குவழிச் சாலையில் ஒரு டாரஸ் லாரியைத் தாண்டும்போது இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். "ஜிடி எடுத்திருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த ஜிடி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. ஹூண்டாயில் 'என்' என்றால் முழு ஸ்போர்ட்ஸ் கார். ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ். நமக்கு வந்த ஐ20 என் லைன் 1.0 லிட்டர், 120 பிஎஸ். பிஎம்டபிள்யூவில் 'எம் ஸ்போர்ட்' என்பது பெரும்பாலும் பம்பர், சக்கரம், ஸ்டீயரிங் சமாச்சாரம். எம்340ஐ-யில்தான் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அதற்கும் மேலே எம்2, எம்3 என்பவை தனிச் சாதி. ஆடியில் எஸ் லைன், மெர்சிடிஸில் ஏஎம்ஜி லைன். பெயரில் 'லைன்' என்று ஒட்டியிருந்தால் அது முதலில் உடை, மற்றது பிறகு என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

அதற்காக 'லைன்' எல்லாம் வெறும் ஸ்டிக்கர் என்றும் ஒதுக்கிவிட முடியாது. ஐ20 என் லைனில் சஸ்பென்ஷன் சாதா ஐ20-ஐவிட இறுக்கம், ஸ்டீயரிங்கில் கனம் கூட, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறேன்.

பிரோஷரில் மூன்று நிறப் பேனா

ஷோரூமுக்குப் போய் பிரோஷரை வாங்கி வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கே புக்கிங் வேண்டாம். பிரோஷரின் கடைசிப் பக்கங்களில் வேரியண்ட் வாரியாக ஒரு நீளப் பட்டியல் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய பக்கம். முன்னால் இருக்கும் மலைப்பாதைப் புகைப்படங்களைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம்.

சிவப்புப் பேனாவால், பிறகு மாற்றவே முடியாதவற்றை வட்டமிடுங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், பின் பிரேக் டிஸ்க்கா டிரம்மா, சஸ்பென்ஷன், ஏர்பேக் எண்ணிக்கை, கார் சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி, ஹெட்லைட். நீலப் பேனாவால், மாற்றலாம் ஆனால் கம்பெனி வேலை மாதிரி வராதவற்றை: காற்று வரும் சீட், க்ரூஸ் கண்ட்ரோல், ஆட்டோமேட்டிக் ஏசி, ரிவர்ஸ் கேமரா. பச்சையால், எந்த ஆக்சஸரீஸ் கடையிலும் கிடைப்பவற்றை: சீட் கவர், ஸ்பீக்கர், உள்விளக்கு, ஸ்பாய்லர், பெடல் கவர், கதவோர ஸ்டிக்கர், சிவப்புப் பெயின்ட் அடித்த பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்).

அப்புறம் கீழ் வேரியண்டிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறிப் பாருங்கள். ஒரு படி ஏறும்போது சிவப்பு வட்டம் கூடுகிறதா, பச்சை மட்டும் கூடுகிறதா? சிவப்பு கூடினால் அந்தப் படிக்குக் காசு கொடுக்கலாம். நீலம் கூடினால் யோசிக்கலாம். பச்சை மட்டும் என்றால் இறங்கிவிடுங்கள்.

ஹெட்லைட்டை ஏன் சிவப்பில் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். திசையன்விளை, இராதாபுரம் பக்கம் இரவில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத நீளமான ரோடு, ஓரத்தில் ஆடு, விடிகாலையில் மயில். பேஸ் மாடலில் மஞ்சள் ஹாலோஜன், மேல் வேரியண்டில் எல்இடி என்று பல கார்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளியே மாற்றினால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ஒயரிங்கை வெட்டினால் வாரண்டியும் சிக்கலாகும். வேகமாகப் போகிற காருக்கு வெளிச்சம் பிரேக்குக்குச் சமம். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

பின் பிரேக் விஷயத்திலும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியே குனிந்து பாருங்கள். முன்னால் சிவப்புக் காலிப்பர் பளபளக்கும். பின்னால் பார்த்தால் டிரம் உட்கார்ந்திருக்கும் கார்கள் உண்டு. விர்டஸ் 2022-ல் வந்தபோது 1.5 லிட்டரிலும் பின்னால் டிரம்தான். அதனால் அது மோசமான கார் ஆகிவிடாது. ஆனால் சிவப்புப் பெயின்ட் பிரேக் பிடிக்காது.

கீழ் எஞ்சினின் டாப்பா, மேல் எஞ்சினின் பேஸா

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு காரில் பலம் குறைந்த எஞ்சினின் டாப் வேரியண்டும் பலம் கூடிய எஞ்சினின் தொடக்க வேரியண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்து நிற்கும். 2023 செப்டம்பரில் ஐ20 புதிதாக வந்தபோது அப்படித்தான் நின்றது. சாதா ஐ20-யின் மேல் வேரியண்டான ஆஸ்டா ஆப்ஷனல் மேனுவல், 83 பிஎஸ் தரும் 1.2 லிட்டர் எஞ்சினோடு பத்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே. என் லைனின் கீழ்ப் படியான என்6 மேனுவல், 120 பிஎஸ் டர்போவோடு 9.99 லட்சத்தில். இரண்டும் அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை.

ஓட்டத்துக்காக வாங்குகிறவர் என்றால் பதில் ஒன்றுதான்: மேல் எஞ்சினின் கீழ் வேரியண்ட். ஸ்பீக்கரை நாளைக்கு மாற்றலாம், டர்போவை மாற்ற முடியாது. ஆனால் வீட்டில் அப்பாவும் அம்மாவும்தான் அதிகம் உட்காரப் போகிறார்கள், நீங்கள் வெளியூரிலிருந்து விடுமுறைக்கு மட்டும் வருகிறவர் என்றால், அந்த ஆஸ்டா ஆப்ஷனல்தான் சரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டிலும் இதே கதை. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங்கை 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவிலும் 5 லிட்டர் வி8-லும் விற்கிறார்கள். சின்ன எஞ்சினுக்கே 'பிரீமியம்' என்று ஒரு படி வைத்து, தோல் சீட்டெல்லாம் போட்டு, வி8-இன் தொடக்க விலையை நோக்கி ஏற்றிக்கொண்டு போவார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் நல்ல உதாரணம். இப்போதைய தலைமுறை 2016 மாடலாக அங்கே வந்தபோது ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங் என்று மூன்று படி. வளைவில் இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பரும் நடுவில் இருந்த கிளப் மேனுவலில்தான் வந்தன. உச்சியில் இருந்த கிராண்ட் டூரிங்கில் தோல் சீட்டும் சொகுசும். ஓட்டத் தெரிந்தவர் நடுப்படியில் நின்றார்.

போர்ஷே இதைத் தலைகீழாக்கிவிட்டது. 911 கரேரா டி-யில் மெல்லிய கண்ணாடி, சத்தம் தடுக்கும் விரிப்பும் குறைவு, ஆனால் சாதா கரேராவைவிட விலை கூட. எடையைக் குறைத்து, மேலே சொன்ன லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைக் கொடுத்து, அதற்குக் காசு வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது கூடுகிற பொருளின் எண்ணிக்கையை அல்ல, எது கூடுகிறது என்பதை.

பத்து லட்சக் கோடு

தமிழ்நாட்டில் கார் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. மற்ற மாநிலத்துக்காரர் போடும் வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் புதுக் காருக்கான ஆயுட்கால வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். வருமான வரி மாதிரி தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வீதம் என்று இல்லை. கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் புது வீதம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நடு வேரியண்ட் 9.90 லட்சம், அடுத்த படி 10.40 லட்சம் என்று வையுங்கள். விலை வித்தியாசம் 50,000 ரூபாய். முதல் காருக்கு 13 சதவீத வரி 1,28,700. இரண்டாவதற்கு 18 சதவீதம் 1,87,200. வரியில் மட்டும் 58,500 கூடுகிறது. ஐம்பதாயிரம் என்று சொன்ன படி இப்போது 1,08,500 ரூபாய்ப் படியாகிவிட்டது. பத்து லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் தொகை) 10,400 ரூபாயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போய்விடும். அந்த ஐம்பதாயிரத்துக்குக் கிடைப்பது என்ன? பெரிய திரையும் இரண்டு நிறப் பெயின்ட்டும் என்றால், அவற்றின் உண்மையான விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

இருபது லட்சத்திலும் இப்படி ஒரு கோடு. 19.90 லட்சத்துக்கு வரி 3,58,200. 20.20 லட்சத்துக்கு 4,04,000. முப்பதாயிரம் விலை கூடியதற்கு நாற்பத்தையாயிரத்துக்கு மேல் வரி.

அதனால் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து வேரியண்டுகளை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு வேரியண்டுக்கும் தனித்தனியாக ஆன்ரோடு கொட்டேஷன் எழுத்தில் வாங்குங்கள். வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சஸரீஸ் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்று இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். கேட்டாலே பல இடங்களில் அது காணாமல் போகும்.

ஜிஎஸ்டியும் இதே மாதிரி காரைப் பிரிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு 18 சதவீதம், அந்த அளவைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு 40. ஐ20 என் லைன் முதல் வகை, விர்டஸ் இரண்டாவது வகை. இது ஷோரூம் விலையிலேயே சேர்ந்திருப்பதால் நாம் தனியாகக் கட்டப் போவதில்லை. ஆனால் சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் இடையே விலை ஏன் அவ்வளவு எகிறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரியில் பதிந்தால் வரி மிச்சம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு இங்கேயே ஓட்டப் போகிற காருக்கு இங்கேதான் வரி கட்ட வேண்டும். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ், டயர்

புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. விர்டஸின் 1.0 எஞ்சின் 999 சிசி, 1.5 எஞ்சின் 1,498 சிசி. கம்பெனிக்காரர்கள் ஓரம் ஒட்டித்தான் எஞ்சின் செய்கிறார்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்பைப் பொறுத்து ஏறும், ஆகவே டாப் வேரியண்டுக்கு வருடா வருடம் கொஞ்சம் கூடுதல்.

இன்சூரன்ஸில் ஒன்றைக் குறைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையோரம் கார்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. 'எஞ்சின் புரொடக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டர்போ எஞ்சினுக்கு இது ரொம்ப முக்கியம்.

டயர்: மேல் வேரியண்டில் ஒரு இஞ்ச் பெரிய சக்கரம் வரும், பக்கவாட்டு ரப்பர் மெலிதாகும். பார்க்க அழகு. பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும், டயர் விலையும் கூடும். 16 இஞ்ச் சக்கரத்துக்கான 205/55 ஆர்16 போன்ற அளவு என்றால் உள்ளூரிலேயே பல பிராண்டில் கிடைக்கும். 19 இஞ்ச் என்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்: டவுனில் ஓட்டப் போகிறீர்களா?

ஸ்போர்ட்டி வேரியண்டுகளில் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் இரட்டைக் கிளட்ச் வகை. ஐ20 என் லைனின் டிசிடியும் விர்டஸ் 1.5-இன் டிஎஸ்ஜியும் ஏழு கியர், இரண்டுமே எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் உள்ளவை. நான்குவழிச் சாலையில் கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு வேகம். ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் உலர் கிளட்ச் சூடாகும். ஆனித் தேரோட்டச் சமயம் டவுன் ரத வீதிப் பக்கம், சீசனில் குற்றாலம், தினசரி சாயங்காலம் ஜங்ஷன் என்று உங்கள் ஓட்டம் இருந்தால் யோசியுங்கள். அதே விர்டஸின் 1.0-இல் வருவது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் வழியே பலத்தைக் கடத்தும் வகை. வேகம் சற்று மந்தம், ஆனால் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளும்.

மேனுவல் எடுத்தால் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம், கையில் கார் இருக்கிற உணர்வும் கூட. ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் நின்று நின்று கிளம்ப வேண்டியவர், கார் பின்னால் நழுவாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு அந்த வேரியண்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேரியண்ட் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐ20 என் லைன் 2021 செப்டம்பரில் வந்தபோது டிசிடி வேண்டுமென்றால் மேல் படியான என்8 தான் எடுக்க வேண்டும். 2023-ல் அது என்6-க்கும் வந்துவிட்டது. எஞ்சின் இரண்டிலும் ஒன்றே. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு என்8 கேட்டுப் போனவர், தேவையில்லாத படி ஏறியிருப்பார்.

நம் வெயிலும் நம் காற்றும்

ஸ்போர்ட்ஸ் வேரியண்ட் என்றாலே உள்ளே எல்லாம் கறுப்பு. கூரைத் துணிகூடக் கறுப்பு. சித்திரை வெயிலில் நெல்லையப்பர் கோயில் பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்காருங்கள், தெரியும். ஆகவே பொதுவாகச் சொகுசு என்று நான் ஒதுக்குகிற பட்டியலில், காற்று வரும் சீட்டுக்கு மட்டும் விலக்கு. இங்கே அது சொகுசு இல்லை. பின் சீட்டுக்கு ஏசி வென்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சன்ரூஃப் பற்றி என் கருத்து ஏற்கெனவே தெரிந்திருக்கும். குழந்தைகள் ஒரு வாரம் தலையை நீட்டுவார்கள், அதுவும் ஆபத்து. அப்புறம் அது மூடியே கிடக்கும்.

இறுக்கமான சஸ்பென்ஷன் வேண்டுமா என்பதற்கு நம் பக்கம் இரண்டு பதில். பணகுடி, காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரை காற்றாடிகளுக்கு நடுவே ஆனி, ஆடியில் அடிக்கிற பக்கவாட்டுக் காற்று இலேசான காரைத் தள்ளும். அங்கே கனமான ஸ்டீயரிங்கும் இறுக்கமான சஸ்பென்ஷனும் தைரியம் தரும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளிலும் அப்படித்தான். ஆனால் அதே கார் நாங்குநேரி, களக்காடு பக்கத்துக் கிராமச் சாலைகளில், வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகளில், பின் சீட்டில் இருக்கும் ஆச்சியின் இடுப்பைச் சோதிக்கும். மாதத்தில் எத்தனை நாள் எந்த ரோட்டில் என்று நேர்மையாக எண்ணுங்கள். மாஞ்சோலை மாதிரி மலைப்பாதைக்கு என்று இந்த வகைக் காரை நினைக்கவே வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பது அநேகமாக டாப் வேரியண்ட். அதை ஓட்டிவிட்டுக் கீழ் வேரியண்டை முடிவு செய்வதும், அதை ஓட்டி மயங்கி டாப்பையே எடுப்பதும் ஒரே மாதிரி தப்பு. நீங்கள் நினைக்கிற எஞ்சின், அதே கியர்பாக்ஸ் உள்ள காரைக் கேளுங்கள். இங்கே இல்லையென்றால் மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து லட்சம் கொடுக்கப் போகிறவர் அவ்வளவு கேட்கலாம்.

வண்ணார்பேட்டையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவது டெஸ்ட் டிரைவ் இல்லை. கேடிசி நகர் வழியாக நான்குவழிச் சாலைக்குப் போய், மூன்றாவது கியரில் பிக்கப் எப்படி என்று பாருங்கள். திரும்பும்போது பாளையங்கோட்டைக்குள் நுழைந்து வேகத்தடைகளில் ஏற்றுங்கள். தனியாக ஓட்டாமல் வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியை முழுதாக வையுங்கள். சின்ன டர்போ எஞ்சினின் உண்மை முகம் அப்போதுதான் வெளியே வரும். அடி உரசுகிறதா என்றும் அப்போதுதான் தெரியும்.

செகண்ட் ஹேண்டில் கணக்கு தலைகீழ்

புதுக் காரில் நடு வேரியண்ட் எடுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். பழைய கார் என்றால் டாப் வேரியண்ட் எடுங்கள். காரணம் எளிது. இன்சூரன்ஸ் கணக்கிலேயே நான்கு வருடம் தாண்டிய காருக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். முதல் ஆள் டாப்புக்காகக் கொடுத்த கூடுதல் இரண்டு லட்சமும் அதில் தேய்ந்துபோயிருக்கும். அவர் கட்டிய ஆயுட்கால வரியும் காரோடு வந்துவிடும். சந்தையில் விலை பேசும்போது வருடம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள், வேரியண்ட் கடைசியில்தான் வரும்.

ஆனால் கீழ் வேரியண்டில் ஜிடி பேட்ஜும் பெரிய அலாயும் மாட்டி நிறுத்தியிருக்கலாம். சேசிஸ் நம்பரை வாங்கி, அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, எந்த வேரியண்டாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, சர்வீஸ் ஒழுங்காக நடந்ததா என்று கேட்டுவிடுங்கள். ஆர்சியில் உள்ள மாடல் பெயரையும் ஒத்துப்பாருங்கள். டிசிடி, டிஎஸ்ஜி கார் என்றால் கிளட்ச் பற்றித் தனியாக விசாரியுங்கள்.

புக்கிங்கிலிருந்து டெலிவரி வரை

முடிவானதும் புக்கிங் ரசீதில் வேரியண்டின் முழுப் பெயர், எஞ்சின், கியர்பாக்ஸ், நிறம் எல்லாம் எழுதி வாங்குங்கள். "டாப் மாடல், ஒயிட்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி நல்லாக் கிடைக்கும். ஆனால் டிசம்பரில் தயாரான கார் ஜனவரியில் ஒரு வயது கூடிவிட்டதாகக் கருதப்படும். ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை. மூன்று வருடத்தில் விற்கிறவர் தள்ளுபடியையும் அந்த இழப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நடு வேரியண்டுக்குத் தள்ளுபடி இல்லை, டாப்புக்கு எழுபதாயிரம் தள்ளுபடி என்றால் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடுங்கள். சில சமயம் டாப்பே மலிவாக வந்து நிற்கும், அப்போது தாராளமாக எடுங்கள்.

ஆர்டிஓ பதிவுக்கு அனுப்புவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் யார்டுக்குப் போய்க் காரைப் பார்த்துவிடுங்கள். பிரோஷரில் சிவப்பு வட்டமிட்ட பட்டியலைக் கையில் கொண்டுபோய் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். சேசிஸ் நம்பர் இன்வாய்ஸில் உள்ளதோடு பொருந்துகிறதா, விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருடமும் சொன்னபடி இருக்கிறதா, நான்கு டயரும் ஒரே பிராண்டா என்று பாருங்கள். வேறு வேரியண்ட் வந்திருந்தாலோ பெயின்ட்டில் கீறல் இருந்தாலோ அன்றைக்கே சொன்னால் வேறு கார் கேட்கலாம். டிஎன் 72 என்று உங்கள் பெயரில் நம்பர் விழுந்த பிறகு, அதே காரைத்தான் வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும்.